எந்த விரல் என்று நீ கேட்கவில்லை

மகனே,

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட செய்தியை மூன்று முறை படித்தேன். அம்மா இனிமேல் தறியில் உட்கார மாட்டாங்க, இத்தனை வருஷ உழைப்புக்கு ஓய்வு என்று எழுதி, பக்கத்தில் என் பழைய போட்டோ ஒன்றையும் வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே உன் சித்தப்பா ஒரு பூமாலைப் படம் போட்டிருக்கிறார். போட்டோவும் மாலையும் சேர்ந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமலா போயிற்று? நான் உயிரோடுதான் இருக்கிறேன். எனக்கு ஓய்வு கிடைத்த சேதி எனக்கே குழுவில் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் என் பதிலையும் அதே குழுவில் போடுகிறேன், மாலை போட்டவர்கள் எல்லோரும் படிக்கட்டும். டைப் அடிக்கவில்லை. நோட்டில் என் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அரைப் பக்கம் எழுதினால் கையைக் கீழே வைத்து உதறிவிட்டு மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. இதோடு மூன்று நாளாகிறது.

குழுவில் போட்டதோடு நீ நிறுத்தியிருந்தால் நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு விட்டிருப்பேன். போன திங்கட்கிழமை புதுப் பாவு வாங்க முதலாளியின் பட்டுச் சேலைக் கடைக்குப் போனேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இந்தக் குழுவில் இருக்கிறாள், அவளுக்காகச் சொல்கிறேன்: பாவு என்பது சேலையின் நீளத்துக்குத் தறியில் ஏற்றுகிற பட்டு நூல். அது இல்லாவிட்டால் தறி வெறும் மரம். முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்கிற ஆள் இல்லை. "பாவு இல்லம்மா" என்றார்.

"பின்னாடி அடுக்கி வெச்சிக்கினு இல்லன்னா எப்படிங்க?" என்றேன்.

"உன் பையன் போன் பண்ணான்மா. எங்கம்மாவுக்கு இனிமே பாவு குடுக்காதீங்க, கை போயிடும்னு அழுவாத குறையா சொன்னான். நான் என்னா பண்றது, சொல்லு."

நான் திரும்பி வந்தேன். கோபம் வந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. பிள்ளையார்பாளையம் முழுக்க எத்தனை வருஷமாக நடக்கிற தெருக்கள், அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட வைத்தார். "அவன் நல்லதுக்குத்தானே சொல்றான்" என்றார். அப்படியென்றால் தெரியும். அவருடைய முழங்கால் போன பிறகு அவர் இடத்தில் தறியில் உட்கார்ந்தவள் நான், பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடுநூல் நாடாவைத் தள்ளுகிறவர் அவர். ஒரே தறியில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வேலை போனதை என்னிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவருக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததுதான் காரணம். சம்பந்தியம்மா கையில் நான் கொடுக்க வேண்டிய தாம்பாளத்தைத் தூக்கியபோதே கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இல்லாத மாதிரி ஆகிவிட்டன. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். தேங்காய் உருண்டது, குங்குமம் பெண்ணின் புடவையெல்லாம் கொட்டியது. யாரோ ஒரு கிழவர் சகுனம் என்று ஆரம்பித்தார். நீ வேர்த்துப்போய் நின்றாய். சபையில் சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். குங்குமம் கொட்டியது சகுனம் இல்லை, நரம்பு. என் மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நரம்புக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது. அன்றைக்குச் சம்பந்தியம்மாதான் சிரித்துக்கொண்டே குங்குமத்தை எடுத்து எல்லோர் நெற்றியிலும் வைத்து நிலைமையைக் காப்பாற்றினார். அந்த வீட்டில் உனக்குப் பெண் கிடைத்தது என் பாக்கியம்.

அன்றைக்குக் காரில் திரும்பும்போது நீ சொன்னாய், "தைராய்டுன்னா அப்படித்தான்மா, தறியை விட்டா சரியாப்பூடும்." இரண்டு வாக்கியத்தில் வைத்தியம் முடிந்தது. மறு வாரமே நானாகப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாதது என் தப்பு. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து தறியைப் பிரித்துவிடுவாய் என்று பயந்தேன். நீ பிரிக்கவில்லை, போனிலேயே முடித்துவிட்டாய்.

இனி என் தப்புகளைச் சொல்கிறேன், அவற்றில் ஒன்று பெரியது. உனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்த வருஷம் எனக்குத் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, காலையில் வெறும் வயிற்றில், வாழ்நாள் முழுக்க என்று சொன்னார்கள். நான் அதைத் தறி ஓடுகிற நாளில் மட்டும் போட்டேன். அமாவாசைக்குத் தறி நிற்கும், மாத்திரையும் நிற்கும். பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் நடக்கும்போது வேலை பாதி, மாத்திரையும் பாதி. ஐப்பசி மழையில் பட்டு நமத்துப்போய் வாரக்கணக்கில் தறியைத் தொட முடியாது, மாத்திரை டப்பாவையும் தொட மாட்டேன். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு வருகிறவரைக்கும் லீவுதான். உழைக்கிற உடம்புக்குத் தெம்பு கொடுக்க வந்த மாத்திரை, உழைக்காத நாளில் எதற்கு என்பது என் கணக்கு. சைக்கிள் நிற்கும்போது யாராவது மிதிப்பார்களா? நம் தெருவில் கேட்டுப் பார், என்னைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள். டானிக் ஆனாலும் மாத்திரை ஆனாலும் தறியோடு எழுந்து தறியோடு படுக்கிறவர்கள் நாங்கள். போதாததற்கு, போட்ட நாளிலும் விடியற்காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினேன். பதினோரு வருஷம் இப்படி. கையெழுத்துப் புரியாத டாக்டர்களைக் குறை சொல்லுவேன், அவர்கள் வாயால் சொன்னதை நான் கேட்டால்தானே?

இரண்டாவது தப்பை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் பெரியம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்குக் கழுத்தில் கட்டி என்று தைராய்டையே அறுத்து எடுத்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். தாமலில் அவள் வீட்டுக்கு நான் துணைக்குப் போய் இருந்தேன். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலையில் அவள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். விரல் நுனியில் ஊசி குத்துகிறது என்றாள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "ஆபரேஷன் பண்ணா அப்படித்தான்க்கா இருக்கும், குழந்தை மாதிரி பண்ணாத" என்றேன். மத்தியானம் அவள் கைவிரல்கள் தானாக மடங்கிக்கொண்டன, நீட்ட முடியவில்லை. அவள் மாமியார், "வேலை செய்யாம இருக்க நடிக்கிறா" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. என் மனதிலும் அதுதான் ஓடியது. ஏரிக்கரையில் இருந்து வந்த ஆட்டோக்காரர்தான், "இன்னா வேடிக்கை பாக்கறீங்க, தூக்குங்க" என்று அதட்டி வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று சொல்லி ஊசி வழியாக ஏற்றினார்கள். தைராய்டுக்குப் பின்னால் பொடிப்பொடியாக நாலு சுரப்பி இருக்கிறதாம், கால்சியத்தைக் காவல் காப்பவை. ஆபரேஷனில் அவற்றுக்கு அடிபட்டால் உதடும் விரலும்தான் முதலில் சொல்லுமாம். கவனிக்காமல் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். என் அக்கா காலையிலேயே சரியான இடத்தைச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாள், நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அதனால்தான் அந்த டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியில் எனக்கு அழுகை வந்தது. உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பாள், அவ்வளவுதான். நான் தைராய்டு, தறி, வயசு என்று என் பாட்டைப் பாடி முடித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். எந்த விரல்மா மதமதன்னு இருக்குது?" என்றாள்.

"எல்லா விரலும்தான்."

"எல்லாம்னு சொல்லாதீங்க. கண்ணை மூடிக்குங்க. நான் தொடத் தொட சொல்லுங்க."

கட்டைவிரல் மந்தம். ஆள்காட்டி மந்தம். நடுவிரல் மந்தம். மோதிரவிரலில் ஒரு பக்கம் மட்டும் மந்தம். சுண்டுவிரலைத் தொட்டாள், பளிச்சென்று தெரிந்தது. "சுண்டுவிரல் நல்லா இருக்குதே" என்றேன். ஐம்பத்தாறு வருஷமாக என்னோடு இருக்கிற விரலை அன்றைக்குத்தான் விசாரித்தேன். பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கச் சொல்லி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னாள். அரை நிமிடத்தில் சுரீர் என்று ஏறியது. சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்றதெல்லாம் மரத்துப்போனால் மணிக்கட்டு வழியாகப் போகிற நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தமாம். தைராய்டு குறைந்தே கிடந்தால் மணிக்கட்டுக்குள் நீர் கோத்து உப்பி, நரம்புக்கு இடமில்லாமல் போகுமாம். அதற்கு மேல் பாவு பிணைக்கிற வேலை வேறு. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கி ஆயிரக்கணக்கில் ஒட்டவைக்கிறேன் அல்லவா, அது அதே மூன்று விரல்களில்தான் நடக்கிறது. கையில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனையிலும் அதையேதான் சொன்னார்கள்.

அத்தோடு அவள் விடவில்லை. "கால்ல இருக்குதா?" என்றாள். பாதம் எரிகிறது, செருப்பு போட்டிருக்கிறேனா இல்லையா என்றே சில சமயம் தெரியவில்லை என்றேன். அதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. "காலுக்கு மணிக்கட்டு என்னாம்மா பண்ணும்? அது வேற காரணம்" என்று சொல்லி ரத்தம் எடுத்தாள். சர்க்கரை இல்லை, கால்சியம் சரியாக இருந்தது. பி12 என்கிற சத்து தரையில் கிடந்தது. தைராய்டைத் தாக்குகிற அதே கோளாறு சிலருக்கு வயிற்றையும் தாக்கி அந்தச் சத்தை உடம்பில் ஒட்டவிடாதாம். நம் சைவச் சாப்பாட்டில் அது குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது. தைராய்டே ரொம்ப நாள் குறைந்து கிடந்தாலும் கால் நரம்பு கெடுமாம், அதில் எனக்குப் பதினோரு வருஷ அனுபவம். ஆகக் கடைசியில் பார்த்தால் என் மதமதப்புக்கு ஒரு காரணம் இல்லை, மூன்று காரணம்: தைராய்டு, பாவு பிணைக்கிற வேலை, பி12. நீ காரில் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பியிருந்தால் தறியும் போயிருக்கும், மதமதப்பும் அப்படியே இருந்திருக்கும்.

நான் அவளிடம் நேராகவே கேட்டேன். "தறியை விட்டுடணுமா டாக்டரம்மா?"

அவள் என் மாத்திரைக் கதையை அப்போதுதான் கேட்டு முடித்திருந்தாள். "விட்டா மட்டும்? மாத்திரையை இந்த மாதிரி போட்டுக்கினு இருந்தா நீங்க சும்மா உட்கார்ந்தாலும் கை இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

பிறகு வரிசையாகச் சொன்னாள். மாத்திரை தினமும், தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும், பச்சைத் தண்ணீரோடு. காப்பி ஒரு மணி நேரம் கழித்து. பி12 ஊசி. ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை. மூன்று மாதத்துக்குப் பாவு பிணைக்கிற வேலையைத் தொடக்கூடாது. தறியில் அரை மணி உட்கார்ந்தால் பத்து நிமிடம் கையை எடுத்துவிட வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும். அப்படியும் சரியாகாவிட்டால் மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் யார் சொன்னாலும் கேட்காதவள் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்வாய். கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறவர்கள் சொன்னால் கேட்பேன்.

இந்த வியாழக்கிழமை டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு முதலாளி கடைக்கு மறுபடி போனேன். பாயில் உட்கார்ந்துகொண்டேன். "பையன் கோச்சிக்குவானேம்மா" என்றார். "அவனைப் பெத்தது நானு. தறியில உட்காருறதும் நானு. பாவு குடுங்க, இல்லன்னா இங்கியே உட்கார்ந்துக்கினு இருக்கேன். உங்களுக்கு வர்ற கல்யாணக்காரங்க எல்லாருக்கும் ஏன் உட்கார்ந்திருக்கேன்னு நானே சொல்றேன்" என்றேன். இரண்டு கல்யாணக் கூட்டம் வந்து போகிறவரைக்கும் பொறுத்தார். அப்புறம் பாவு வந்தது. நேற்று எதிர்வீட்டுக்காரி வந்து அதைப் பிணைத்துக் கொடுத்தாள். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் தறியில் இன்னொருத்தி இழை தொட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. என் கை எனக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேலையை விட்டேன். மூன்று மாதம், ஆபரேஷன், எல்லாம் முடிந்த பிறகும் இந்தக் கை கேட்காவிட்டால் நான் தறியை விட்டு இறங்குவேன். இறங்கச் சொல்ல வேண்டியது என் கைதான், நீ இல்லை, முதலாளி இல்லை, குழுவில் மாலை போட்டவர்களும் இல்லை.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அம்மா என்கிற முறையில் ஒன்று சொல்ல வேண்டும், அது எல்லோர் முன்னாலும் இருக்கட்டும். உன் மனைவி ஒரு நாள் கை வலிக்கிறது, கால் எரிகிறது, மனசு சரியில்லை என்று ஏதாவது சொல்வாள். உன் அன்பு உடனே ஓடிப்போய் அவள் ஆபீஸை மூடப் பார்க்கும். உன் அப்பாவின் அன்பு மின்விசிறியைக் கூட வைக்கும். என் அன்பு, அக்கா விஷயத்தில், கஞ்சியை ஆற்றிக்கொண்டு நடிக்காதே என்று சொன்னது. மூன்றும் அன்புதான், மூன்றும் உதவாது. அவள் பக்கத்தில் உட்கார். எங்கே, எப்போதிலிருந்து, எந்த விரல் என்று கேள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் உனக்குத் தெரிந்த வைத்தியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள். அதற்குப் பிறகு அவளோடு டாக்டரிடம் போ. முடிவை அவள் எடுக்கட்டும். அம்மாடி, இதை நீயும் படித்துக்கொள். இவன் தவறினால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

எழுதி முடிக்கப் போகிறேன், கை உதறச் சொல்கிறது. ஆனால் உதறுவது என் கை மட்டும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினாயே, அரை மணி நேரத்தில் நாலு முறை வலது கையை உதறினாய். நிச்சயதார்த்த மோதிரம் கழற்ற வரவில்லை என்று சிரித்தாய். எவ்வளவு தூங்கினாலும் அசதி போகவில்லை என்றாய், முகமும் கொஞ்சம் உப்பலாகத்தான் தெரிந்தது. எல்லாம் கம்ப்யூட்டர் பிடித்துப் பிடித்து வந்தது என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். எனக்குத் தைராய்டு, உன் பெரியம்மாவுக்குத் தைராய்டு, இது குடும்பத்தில் வரும். நாளைக் காலையில் போய் ரத்தம் கொடு. தைராய்டு, பி12, சர்க்கரை, மூன்றும் பார்க்கச் சொல். ஒன்றும் இல்லை என்று வந்தால் சந்தோஷம், இருக்கிறது என்று வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டு நீ உன் வேலையைச் செய்யலாம். உன் மேனேஜருக்குப் போன் செய்து, என் பையனுக்கு இனிமேல் வேலை கொடுக்காதீர்கள், கை போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா